கையால் நிரப்பிய ரைஃபிள் தோட்டாக்களைச் சுடுதளத்தில் சோதிப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கையால் நிரப்பும் தோட்டாவுக்கு நான்கு உறுப்புகள்: பித்தளைக் கூடு, பிரைமர் (ஊசி தட்டியதும் மருந்தைப் பற்றவைக்கும் சிறு மூடி), வெடிமருந்து, குண்டு. இந்த நான்கில் எதை, எந்த அளவில், எந்த ஆழத்தில் சேர்க்கிறோம் என்பதைச் சேர்மானம் என்று இங்கே குறிப்பிடுகிறேன். தராசு, டை, பிரஸ் போன்ற நிரப்பும் கருவிகள் பற்றி மணிக்கணக்கில் பேசும் பலர், நிரப்பியதைச் சுட்டுப் பார்த்து முடிவெடுக்கும் வேலையை அவசரமாக முடித்துவிடுகிறார்கள். மேசையில் பட்ட பாடெல்லாம் அங்கேதான் வீணாகிறது. திரும்பத் திரும்ப என்னிடம் கேட்கப்படும் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

தோட்டா நிரப்புவதற்கான சட்டம் நாட்டுக்கு நாடு மாறும். சில இடங்களில் தனி உரிமம் வேண்டும். சில இடங்களில் அனுமதியே இல்லை. அதை முதலில் உறுதிசெய்துகொள்ளுங்கள். இங்கே சொல்வதெல்லாம் அனுமதி பெற்றவர்கள், முறையான சுடுதளத்தில் செய்வதற்கானவை.

மூன்று குண்டுகளும் ஒரே ஓட்டையில் விழுந்தன. சரியான சேர்மானம் கிடைத்துவிட்டது என்று வைத்துக்கொள்ளலாமா?

கூடாது. இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலை மட்டும் படிக்க நேரமிருந்தால், இதைப் படியுங்கள்.

ஒரே புள்ளியைக் குறிவைத்துச் சுட்ட துளைகளின் கூட்டத்தைச் சுடுவோர் குரூப் என்பார்கள். அதில் மிகத் தள்ளி விழுந்த இரண்டு துளைகளின் மையங்களுக்கு இடையிலான தூரமே குரூப்பின் அளவு. இந்த அளவு தோட்டாவை மட்டும் பொறுத்தது அல்ல. எத்தனை குண்டு சுட்டீர்கள் என்பதையும் பொறுத்தது. அதிகம் சுடச் சுட, ஓரத்தில் ஒன்று விழும் வாய்ப்பு கூடிக்கொண்டே போகும். ஒரு தோட்டாவின் 3 குண்டு குரூப் சராசரியாக 1 அங்குலம் என்றால், அதே தோட்டாவின் 5 குண்டு குரூப் சராசரியாக 1.27 அங்குலம் வரும். 10 குண்டு என்றால் 1.58 அங்குலம். தோட்டாவில் எந்த மாற்றமும் இல்லை. எண்ணிக்கை மட்டுமே மாறியது.

இன்னொரு சிக்கல், ஒரே தோட்டாவின் குரூப்கள் ஒன்றுக்கொன்று வெகுவாக மாறுபடும். 5 குண்டு குரூப்பின் சராசரி 1 அங்குலம் இருக்கும் ரைஃபிளில், ஒரு குரூப் 0.6 அங்குலத்திலும் அடுத்தது 1.5 அங்குலத்திலும் வருவது இயல்பு. முதல் தாளைச் சட்டைப் பையில் பத்திரமாக வைத்துக்கொண்டு, இரண்டாவதைக் கசக்கி எறிந்தால், உங்கள் ரைஃபிளைப் பற்றி நீங்கள் நம்புவது உண்மையாக இருக்காது.

இப்போது மருந்தின் எடையைச் சிறிது சிறிதாகக் கூட்டி, பத்து அளவுகளில், அளவுக்கு 3 தோட்டா வீதம் சுட்டீர்கள் என்று வையுங்கள். உண்மையில் அந்தப் பத்து அளவுகளும் துல்லியத்தில் ஒன்றுக்கொன்று சமம் என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் மிகச் சிறிய குரூப்புக்கும் மிகப் பெரிய குரூப்புக்கும் ஏறத்தாழ மூன்று மடங்கு வித்தியாசம் வந்து நிற்கும். சிறியதைப் பார்த்து "இதுதான் என் ரைஃபிளுக்குப் பிடித்த அளவு" என்று வட்டம் போடுவீர்கள். அடுத்த வாரம் அதே அளவில் நிரப்பிப் போனால் அது பெரிதாக விரியும். உடனே காற்றைக் குறை சொல்வீர்கள், பிறகு ட்ரிகரை, பிறகு உங்களையே. யார்மீதும் குற்றமில்லை. முதல் நாள் தாள் காட்டியது தற்செயலை மட்டுமே.

அப்படியானால் எத்தனை குண்டு சுட வேண்டும்?

வேண்டாத சேர்மானத்தைக் கழிப்பதற்குக் குறைவான குண்டுகள் போதும். நல்லது என்று உறுதிசெய்வதற்கு நிறைய வேண்டும். 3 குண்டு 3 அங்குலத்துக்கு விரிந்தால், நான்காவது வந்து அதைச் சுருக்கப் போவதில்லை. அந்தச் சேர்மானத்தை அங்கேயே கைவிடலாம். ஆனால் 3 குண்டு அரை அங்குலத்தில் விழுந்தால், அது அடுத்த சுற்றுக்கு வரத் தகுதி பெற்றது என்று மட்டுமே பொருள்.

தேறிய சேர்மானத்தை 10 குண்டு குரூப்பாகவோ, இரண்டு மூன்று 5 குண்டு குரூப்களாகவோ சுட்டு, சராசரி எடுங்கள். முடிந்தால் வேறு ஒரு நாளில் இன்னொரு முறை. ரைஃபிளை மேசையில் முட்டுக்கொடுத்துச் சுடும் பெஞ்ச்ரெஸ்ட் போட்டிகளில் ஐந்து குண்டு குரூப்கள் ஐந்தின் சராசரியைக் கொண்டு இடம் நிர்ணயிக்கும் வழக்கம் இருக்கிறது. 1973இல் மேக் மெக்மில்லன் 100 கெஜத்தில் சுட்ட 5 குண்டு குரூப் 0.009 அங்குலம் என்று பதிவானது. பல பத்தாண்டுகள் நிலைத்த சாதனை அது. அவ்வளவு சிறிய குரூப்கள் சாத்தியமான அந்த விளையாட்டிலேயே, யார் சிறந்தவர் என்பதைச் சராசரியை வைத்துத்தான் முடிவு செய்கிறார்கள்.

குண்டும் மருந்தும் செலவாகுமே என்ற தயக்கம் எனக்குப் புரிகிறது. ஆனால் பத்து அளவுகளுக்கு மூன்று மூன்றாகச் சுட்டு ஒன்றும் தெரியாமல் திரும்புவதைவிட, மூன்று அளவுகளுக்குப் பத்துப் பத்தாகச் சுட்டு ஒன்றைத் தெரிந்துகொண்டு திரும்புவது சிக்கனம்.

நான்கு சேர்ந்து விழுந்தன, ஒன்று மட்டும் தள்ளிப் போய்விட்டது. அதைக் கணக்கில் எடுக்க வேண்டுமா?

எடுக்க வேண்டும். விதிவிலக்கு ஒன்றுதான்: தாளைப் பார்ப்பதற்கு முன்பே, ட்ரிகர் விழுந்த நொடியில், "இது என் தவறு, வலப்பக்கம் இழுத்துவிட்டேன்" என்று நீங்களே சொல்லிக் குறிப்பேட்டில் எழுதியிருந்தால் ஒதுக்கலாம். துளையைப் பார்த்த பிறகு நினைவுக்கு வரும் தவறுகள் செல்லாது.

இதைக் கேட்டுப் பலர் முகம் சுளிக்கிறார்கள். ஆனால் "நான்கு மட்டும் பார்த்தால் முக்கால் அங்குலம்" என்ற வாக்கியத்தில் அந்த ஐந்தாவது குண்டும் உங்கள் தோட்டாதான், உங்கள் ரைஃபிளிலிருந்துதான் போனது. வேட்டையிலோ போட்டியிலோ முதல் குண்டே அந்த ஐந்தாவதாக இருக்கலாம். தள்ளிப்போவது திரும்பத் திரும்ப நடந்தால் காரணம் தேடுங்கள்: குண்டைப் பிடிக்கும் கழுத்தின் இறுக்கம் சீராக இல்லாத கூடுகள், வெவ்வேறு தயாரிப்பாளரின் கூடுகள் கலந்திருப்பது, ஸ்கோப்பை (குறிபார்க்கும் தொலைநோக்கி) ரைஃபிளோடு பிணைக்கும் மவுண்ட் தளர்ந்திருப்பது. அந்தக் கூட்டில் ஒரு அடையாளமிட்டு அடுத்த முறையும் சுட்டுப் பாருங்கள். அதே கூடு மறுபடி தள்ளிப்போட்டால் தடயம் கிடைத்துவிட்டது.

குரூப்பை எப்படி அளப்பது?

டிஜிட்டல் காலிபரால் இரண்டு தொலைவான துளைகளின் வெளி விளிம்பிலிருந்து வெளி விளிம்பு வரை அளந்து, ஒரு துளையின் அகலத்தைக் கழிக்க வேண்டும். தாளில் விழும் துளை குண்டின் விட்டத்தைவிடச் சிறிது குறுகலாகத் தெரியும். தாள் நார் திரும்பி மூடிக்கொள்ளும். .308 குண்டின் விட்டம் 7.82 மி.மீ. என்றாலும் காலிபரில் அதைவிடக் குறைவாகவே வரும். எனவே புத்தகத்து விட்டத்தைக் கழிக்காமல், அதே தாளில் தனியாக நிற்கும் ஒரு துளையை அளந்து, அதைக் கழியுங்கள்.

இந்த அளவை எம்ஓஏ (ஒரு பாகையின் அறுபதில் ஒரு பங்கான கோணம்) கணக்கில் சொல்வது வழக்கம். 1 எம்ஓஏ என்பது 100 கெஜத்தில் 1.047 அங்குலம், 100 மீட்டரில் 29.1 மி.மீ. தூரம் மாறினாலும் ஒப்பிட முடிவது இதன் பயன்.

ஆனால் வெளி விளிம்பு அளவு, பத்துத் துளைகளில் இரண்டை மட்டும் கேட்டு, மற்ற எட்டையும் பேசவிடாத அளவு. என் விருப்பம் சராசரி ஆரம். எல்லாத் துளைகளின் நடு மையத்தைக் கண்டுபிடித்து, அதிலிருந்து ஒவ்வொரு துளையும் எவ்வளவு தூரம் என்று அளந்து, சராசரி எடுப்பது. ஒவ்வொரு குண்டுக்கும் இதில் பங்கு உண்டு. தாளைப் படமெடுத்துத் துளைகளைத் தொட்டுக் காட்டினால் கணக்குப் போட்டுத்தரும் செயலிகள் இப்போது இருக்கின்றன.

சுடுதளத்தில் பாதுகாப்புக்கு என்ன பார்க்க வேண்டும்?

துல்லியத்தைவிட இது முந்தியது. நம்பகமான கையேட்டில் உங்கள் குண்டுக்கும் மருந்துக்கும் சொல்லப்பட்ட தொடக்க அளவிலிருந்து மட்டுமே ஆரம்பியுங்கள். அது பொதுவாக உச்ச அளவைவிட ஏறத்தாழ 10 சதவீதம் குறைவாக இருக்கும். குறைவான அளவிலிருந்து கூடுதல் அளவை நோக்கியே சுடுங்கள். ஒரு படியில் கவலைக்குரிய அறிகுறி தெரிந்தால் அதற்கு மேலுள்ள தோட்டாக்கள் அனைத்தையும் சுடாமல் வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பிரித்தெடுங்கள். "நிரப்பிவிட்டோமே" என்ற எண்ணம் ஆபத்தானது.

ஒவ்வொரு கூட்டையும் எடுத்து அடிப்பக்கத்தை வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். மிதமான அழுத்தத்தில் பிரைமரின் விளிம்பு உருண்டையாக, அதைச் சுற்றி ஒரு மெல்லிய நிழல் வளையம் போலத் தெரியும். அழுத்தம் ஏற ஏற அந்த விளிம்பு தட்டையாகி, பிரைமர் தன் குழியை முழுவதும் நிரப்பிப் பரவி நிற்கும். ஊசி விழுந்த இடத்தைச் சுற்றி ஒரு சிறு கரை எழும்பலாம். கூட்டின் அடியில், எழுத்துகளின் மேல், சுட்ட கூட்டை வெளியே தள்ளும் எஜெக்டரின் வட்ட அச்சு பளபளவென்று பதிந்திருந்தால் பித்தளை அழுத்தம் தாங்காமல் இளகி ஓடியிருக்கிறது என்று பொருள். குழலின் பின்பக்கத்தை மூடும் போல்ட்டின் கைப்பிடியைத் தூக்குவது வழக்கத்தைவிடக் கடினமாக இருந்தால் உடனே நிறுத்துங்கள். பிரைமரில் ஓட்டை விழுந்திருந்தால் அன்றைய சோதனை முடிந்தது.

இந்த அறிகுறிகள் எதுவும் இல்லை என்பதால் அழுத்தம் பாதுகாப்பான எல்லைக்குள் இருக்கிறது என்று நினைத்துவிடாதீர்கள். .308 வின்செஸ்டருக்கு அமெரிக்கத் தரநிர்ணய அமைப்பான சாமி வகுத்த உச்சம் சதுர அங்குலத்துக்கு 62,000 பவுண்டு; .223 ரெமிங்டனுக்கு 55,000 பவுண்டு. பித்தளை பல நேரங்களில் இந்த எல்லையைத் தாண்டிய பிறகுதான் முறையிடத் தொடங்கும். அதைவிட நல்ல எச்சரிக்கை, குண்டின் வேகத்தை அளக்கும் வேகமானி தருவது: கையேடு அதே குழல் நீளத்துக்குச் சொல்லும் உச்ச வேகத்தை உங்கள் தோட்டா தாண்டிவிட்டால், மருந்து எவ்வளவு குறைவாக இருந்தாலும் அழுத்தமும் தாண்டியிருக்கும். இலவச வேகம் என்று ஒன்று கிடையாது.

சத்தம் குறைவாக வந்தது, அல்லது வெடிக்கவே இல்லை. என்ன செய்வது?

சத்தமோ உதையோ குறைவாக இருந்தால் அடுத்த தோட்டாவை ஏற்றவே கூடாது. குண்டு குழலுக்குள்ளேயே நின்றிருக்கலாம். அதன் பின்னால் இன்னொன்றைச் சுட்டால் குழல் வெடிக்கும். ரைஃபிளைக் காலி செய்து, போல்ட்டைக் கழற்றி, குழல் வழியே வெளிச்சம் தெரிகிறதா என்று பார்த்த பிறகே மேற்கொண்டு எதுவும்.

வெடிக்கவே இல்லையென்றால் குழலை இலக்குத் திசையிலேயே வைத்துக்கொண்டு குறைந்தது 30 விநாடி காத்திருங்கள். தாமதமாகத் தீப்பிடிக்கும் தோட்டா போல்ட்டைத் திறந்த நேரத்தில் வெடிப்பதைத் தவிர்க்கவே இந்தக் காத்திருப்பு.

பெஞ்சில் எப்படி உட்கார வேண்டும்? அது அவ்வளவு முக்கியமா?

தோட்டாவைச் சோதிக்கிறோம் என்றால் மற்ற எல்லாமே ஒவ்வொரு குண்டுக்கும் ஒரே மாதிரி இருக்க வேண்டும். முன்பக்கம் உறுதியான முட்டு, பின்பக்கம் மணல் பை. முட்டு, ரைஃபிளைப் பிடிக்கும் மரக்கட்டையின் (ஸ்டாக்) அடியில் இருக்க வேண்டும். குழலைத் தொடவே கூடாது. வார் மாட்டும் வளையம் முட்டின் பையில் உரசினால் உதைக்கும்போது ரைஃபிள் துள்ளும், துளைகள் மேலும் கீழும் சிதறும். உதைக்குப் பிறகு ரைஃபிளை மறுபடி முன்னே தள்ளும்போது, கட்டையின் அதே இடம் முட்டில் உட்காருகிறதா என்று பாருங்கள். ஒரு சிறு நாடா ஒட்டிக் குறித்துக்கொண்டால் போதும்.

தோளில் அழுத்தும் அளவு, கன்னம் படும் இடம், ட்ரிகரில் விரலின் எந்தப் பகுதி என எதுவாயினும் ஒரு முறையைத் தேர்ந்து அதையே பிடித்துக்கொள்ளுங்கள். இறுக்கிப் பிடிப்பதா, தளரப் பிடிப்பதா என்ற விவாதத்தில் எனக்கு ஆர்வமில்லை. இரண்டாவது குண்டும் முதல் குண்டைப் போலப் பிடிக்கப்பட்டதா என்பதே கேள்வி.

எந்தத் தூரத்தில் சோதிப்பது?

தொடக்கத்துக்கு 100 கெஜமோ 100 மீட்டரோ போதும். காற்றின் பாதிப்பு அங்கே குறைவு. துளைகளையும் ஸ்கோப்பிலேயே பார்க்கலாம். ஆனால் 100 கெஜத்துத் தாள் எல்லாவற்றையும் சொல்லிவிடாது. நொடிக்கு 2600 அடி வேகத்தில் போகும் ஒரு .308 குண்டின் வேகம் 20 அடி மாறினால், 100 கெஜத்தில் உயர வேறுபாடு ஏறத்தாழ 1 மி.மீ. மட்டுமே. அதே மாற்றம் 1000 கெஜத்தில் 6 அங்குலத்துக்கு மேல் போகும். எனவே வேகச் சீரின்மை பக்கத்துத் தாளில் ஒளிந்துகொள்ளும். நீங்கள் தூரத்தில் சுடப் போகிறவர் என்றால், இறுதிச் சோதனையைத் தூரத்திலேயே செய்யுங்கள்.

வேகமானி அவசியமா? அது காட்டும் எண்களை எப்படிப் படிப்பது?

அவசியம் என்றே சொல்வேன், முக்கியமாகப் பாதுகாப்புக்காக. ஒளியை வைத்து அளக்கும் பழைய வகைக்கு வெளிச்சம் மாறினால் எண்களும் தடுமாறும். குழல் முனையிலிருந்து 10 முதல் 15 அடி தள்ளி வைக்காவிட்டால் வெடிக்காற்றே அதைக் குழப்பிவிடும். குழலில் பட்டையால் கட்டும் காந்த வகை நன்றாக அளக்கும். ஆனால் குழலில் தொங்கும் எடை குண்டு விழும் இடத்தையும் சில நேரம் குரூப்பையும் மாற்றிவிடும். வேகத்துக்கு ஒரு சுற்று, குரூப்புக்கு ஒரு சுற்று என்று பிரித்துச் சுடுங்கள். பெஞ்சில் வைக்கும் ராடார் வகை ரைஃபிளைத் தொடுவதே இல்லை என்பதால் இரண்டையும் ஒன்றாகச் செய்யலாம்.

எண்களைப் பொறுத்தவரை, திட்ட விலக்கம் (குண்டுகளின் வேகம் சராசரியிலிருந்து எவ்வளவு சிதறுகிறது என்ற அளவு) என்ற ஒற்றை எண்ணின் மேல் சுடுவோர் வைக்கும் நம்பிக்கை அளவுக்கு மீறியது. 5 குண்டில் நொடிக்கு 10 அடி என்று காட்டினால், உண்மையான மதிப்பு ஏறத்தாழ 6 அடி முதல் 29 அடி வரை எங்கே வேண்டுமானாலும் இருக்கலாம். 10 குண்டில் 10 அடி என்று காட்டினாலும் 7 முதல் 18 வரை சாத்தியம். இரண்டு சேர்மானங்கள் முறையே 8 என்றும் 12 என்றும் காட்டினால் முதலாவது சிறந்தது என்று சொல்ல அந்த எண்களில் ஆதாரம் இல்லை.

ஏணிச் சோதனை என்கிறார்களே, அது என்ன? பயன் தருமா?

துப்பாக்கி சுடுநர் கிரைட்டன் ஆடெட் பெயரோடு சேர்த்துப் பேசப்படும் முறை அது. மருந்தின் எடையைச் சிறு சிறு படிகளாகக் கூட்டி, ஒவ்வொரு படிக்கும் ஒரு தோட்டா நிரப்பி, 200 அல்லது 300 கெஜத்தில் ஒரே புள்ளியைக் குறிவைத்துச் சுடுவது. எடை கூடக் கூடத் துளைகள் மேலே ஏற வேண்டும். ஆனால் இடையில் சில படிகள் ஒரே உயரத்தில் விழுந்தால், அந்தப் பகுதியில் எடை சிறிது மாறினாலும் குண்டு விழும் இடம் மாறவில்லை என்று கொள்வார்கள். டான் நியூபெரியின் முறையிலும் இதே தேடல்தான். அங்கே ஒவ்வொரு எடைக்கும் தனித்தனிப் புள்ளி இருக்கும். எல்லா எடைகளிலும் ஒவ்வொன்றாகச் சுட்டு மறுபடி முதலிலிருந்து வருவார்கள்.

இதற்கு அடிப்படையான கருத்து வெறும் கற்பனை அல்ல. சுடும்போது குழல் அதிர்கிறது; வேகம் குறைந்த குண்டு குழல் சற்று மேல்நோக்கி இருக்கும் நேரத்தில் வெளியேறினால், தூரத்தில் வேகக் குறைவு ஈடுகட்டப்படும். லீ-என்ஃபீல்ட் ரைஃபிள்களில் நீண்ட தூரத்தில் இது நடப்பதைச் சுடுவோர் நெடுங்காலமாக அறிந்திருக்கிறார்கள். ஆனால் படிக்கு ஒரு குண்டு என்ற ஏற்பாடு அதைக் கண்டுபிடிக்கப் போதாது. இயல்பான சிதறலே மூன்று துளைகளை ஒரே உயரத்தில் வைத்துவிடும். அப்படி ஒரு இடம் கிடைத்தால் அதே ஏணியை இன்னொரு முறை சுடுங்கள். அதே படிகளில் மறுபடி அதே இடம் வந்தால் கவனிக்கலாம். வேறு படிக்கு நகர்ந்துவிட்டால் முதலில் பார்த்தது தற்செயல்.

ஆனால் நியூபெரியின் அந்தச் சுழற்சி வரிசை நான் மனமாரப் பரிந்துரைப்பது. முதல் எடையில் ஐந்து, அடுத்த எடையில் ஐந்து என்று சுட்டால், கடைசி எடைக்குச் சூடான குழலும் அழுக்கும் கிளம்பிய காற்றும் களைத்த கண்ணும் சேர்ந்து வாய்க்கும். ஒவ்வொன்றாக மாற்றிச் சுட்டால் அந்தச் சுமை எல்லா எடைகளுக்கும் சமமாகப் பிரியும். அழுத்த அறிகுறிகளை ஒருமுறை குறைவிலிருந்து மேல்நோக்கிப் பார்த்து முடித்த பிறகே இப்படிச் சுழற்ற வேண்டும்.

காற்று வீசினால் சோதிக்கலாமா?

மணிக்கு 10 மைல் குறுக்குக் காற்று, மேலே சொன்ன .308 குண்டை 100 கெஜத்தில் ஏறத்தாழ முக்கால் அங்குலம் தள்ளும். சீரான காற்று எல்லாத் துளைகளையும் ஒன்றாகத் தள்ளுவதால் கெடுதல் குறைவு. விட்டு விட்டு வீசும் காற்றே குரூப்பைப் பக்கவாட்டில் இழுக்கும். காலையில் சீக்கிரம் போவது நல்லது. முடியாவிட்டால் இலக்கருகே ஒரு நாடாவைக் கட்டி, அது ஒரே நிலையில் நிற்கும்போது மட்டும் சுடுங்கள்.

துளைகள் செங்குத்தாகவோ பக்கவாட்டிலோ நீண்டிருந்தால் என்ன பொருள்?

உதாரணமாக ஒரு தாளைப் பார்ப்போம். பத்துத் துளைகள். அகலம் 15 மி.மீ., உயரம் 40 மி.மீ. பார்த்தவுடன் மருந்து அளவைக் குற்றம் சொல்லத் தோன்றும். ஆனால் 100 மீட்டரில் வேக மாற்றம் இவ்வளவு உயரம் தராது என்பதை மேலே பார்த்தோம். எனவே துளைகளைச் சுட்ட வரிசையில் பாருங்கள். ஒன்று, இரண்டு, மூன்று கீழே. ஏழு, எட்டு, ஒன்பது மேலே என்று படிப்படியாக ஏறியிருந்தால் குழல் சூடேறி நகர்ந்திருக்கிறது, அல்லது சூட்டில் மரக்கட்டை குழலைத் தொட்டிருக்கிறது. வரிசையின்றி மேலும் கீழும் தாவியிருந்தால் முட்டு, தோள் அழுத்தம், மூச்சு ஆகியவற்றைச் சந்தேகியுங்கள்.

பக்கவாட்டு நீட்சிக்கு முதல் சந்தேகம் காற்று, அடுத்தது ட்ரிகரில் விரலின் இழுப்பு. இரண்டு தனித்தனிக் கூட்டங்களாகப் பிரிந்து விழுந்தால் ஸ்கோப்போ, மவுண்ட்டோ, ரைஃபிளைக் கட்டையோடு பிணைக்கும் திருகுகளோ தளர்ந்திருக்கலாம். பேரலாக்ஸ் சரிசெய்யப்படாத ஸ்கோப்பில் கண் நகர்ந்தாலும் குறி நகரும்.

வரிசை தெரிய வேண்டும் என்றால் ஒவ்வொரு குண்டுக்குப் பிறகும் ஒரு சிறு காகிதத்தில் இலக்கை வரைந்து, துளையின் இடத்தில் எண்ணை எழுத வேண்டும். சலிப்பான வேலை. ஆனால் வீட்டுக்கு வந்த பிறகு அந்தத் தகவலை எந்தக் காலிபரும் மீட்டுத்தராது.

குழல் சூடு, அழுக்கு, வெயில்: எவ்வளவு கவனிக்க வேண்டும்?

மெல்லிய குழல் கொண்ட வேட்டை ரைஃபிளில் குழலை விரல்களால் வசதியாகப் பிடித்திருக்க முடியாத அளவு சூடேறினால் ஆற விடுங்கள். சுத்தம் செய்த குழலில் முதல் சில குண்டுகள் வேறிடத்தில் விழுவது வழக்கம். அவற்றைக் கணக்கில் சேர்க்காமல் வேறு புள்ளியில் சுட்டுவிட்டு ஆரம்பியுங்கள்.

தோட்டாப் பெட்டியை நிழலில் வையுங்கள். வெப்பம் கூடினால் பல மருந்துகள் வேகமாக எரியும், வேகமும் அழுத்தமும் ஏறும். சூடான சேம்பரில் (தோட்டா உட்காரும் குழல் பகுதி) தோட்டாவை ஏற்றிவிட்டுக் காற்றுக்காகக் காத்திருப்பது பலரும் கவனிக்காத தவறு. அந்தச் சில நிமிடங்களில் மருந்து சூடாகி, குண்டு உயரம் மாறி விழும். குறிவைக்கத் தயாரான பிறகே ஏற்றுங்கள். குளிரில் உச்சத்துக்கு அருகே தேர்ந்தெடுத்த அளவு, கோடையில் எல்லை தாண்டலாம் என்பதையும் மறக்க வேண்டாம்.

எதை முதலில் மாற்றிப் பார்ப்பது?

குண்டை. என் அனுபவத்தில் ஒரு ரைஃபிளின் துல்லியத்தில் பெரிய தாவல் குண்டு மாறும்போதுதான் வருகிறது. அடுத்தது மருந்தின் வகை. அதற்குப் பிறகு குண்டு எவ்வளவு ஆழம் உட்கார்ந்திருக்கிறது, ரைஃபிளிங் (குழலுக்குள் வெட்டிய சுழல் பள்ளங்கள்) தொடக்கத்துக்கு எவ்வளவு இடைவெளி இருக்கிறது என்பது. குண்டு ரைஃபிளிங்கைத் தொட்டபடி இருந்தால் அழுத்தம் கூடும். அந்தப் பக்கம் போகிறவர்கள் மருந்தைக் குறைத்துவிட்டுப் போக வேண்டும். பிரைமரை மாற்றினாலும் மருந்தைக் குறைத்து மறுபடி ஏற வேண்டும். மருந்தின் எடையைப் பத்தில் ஒரு கிரெயின் (மருந்தை நிறுக்கும் சிறு எடை அலகு) கூட்டிக் குறைப்பதில் பலர் செலவிடும் நேரம், அதற்குக் கிடைக்கும் பலனுக்குப் பொருத்தமற்றது.

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். குண்டையும் பிரைமரையும் ஒன்றாக மாற்றிக் குரூப் சுருங்கினால், யாருக்கு நன்றி சொல்வது என்றே தெரியாது.

குற்றம் தோட்டாவிலா, ரைஃபிளிலா, என்னிடமா?

ஒவ்வொரு சோதனை நாளிலும் ஏற்கெனவே நன்கு தெரிந்த ஒரு தோட்டாவை, தரமான போட்டித் தோட்டாவாக இருந்தால் இன்னும் நல்லது, உடன் எடுத்துப்போய் முதலிலும் கடைசியிலும் ஒரு குரூப் சுடுங்கள். அது வழக்கம்போல விழுந்தால் ரைஃபிளும் நீங்களும் அன்று சரி. புதிய சேர்மானத்தின் முடிவை நம்பலாம். அதுவே விரிந்தால் அன்றைய தாள்களை வைத்து எந்த முடிவும் எடுக்காதீர்கள். இவ்வளவு எளிய ஒப்பீட்டைச் செய்பவர்கள் குறைவு என்பது எனக்கு உண்மையாகவே வருத்தம் தருகிறது.

எப்போது போதும் என்று நிறுத்துவது?

சோதனை தொடங்கும் முன்பே இலக்கை எழுதிவையுங்கள். 200 மீட்டருக்குள் வேட்டைக்கு என்றால் 10 குண்டு 1.5 எம்ஓஏக்குள் விழுவது தாராளம். நீண்ட தூரப் போட்டிக்கு அளவுகோல் கடுமையாகும். இலக்கை எட்டி, வேறொரு நாளில் மறுபடியும் எட்டிவிட்டால் அந்தச் சேர்மானத்தைத் தொடாதீர்கள். மிச்சக் குண்டுகளைப் பயிற்சிக்குச் செலவிடுங்கள். நிற்கும் நிலையிலும் முழங்கால் நிலையிலும் சுடப் பழகினால் வரும் முன்னேற்றத்தை எந்த மருந்து அளவும் தராது.

குறிப்பேட்டில் என்னென்ன இருக்க வேண்டும்?

குண்டின் பெயரும் எடையும், மருந்தின் பெயரும் எடையும் தயாரிப்பு வரிசை எண்ணும், பிரைமர், கூட்டின் தயாரிப்பாளர், அது எத்தனையாவது முறை நிரப்பப்படுகிறது, தோட்டாவின் நீளம், அன்றைய வெப்பநிலை, காற்று, ஒவ்வொரு குண்டின் வேகம், குரூப்பின் அளவு. குழலில் இதுவரை மொத்தம் எத்தனை குண்டு சுடப்பட்டது என்பதும் வேண்டும். குழலின் தொண்டைப் பகுதி தேயத் தேய ரைஃபிளிங் தொடக்கம் முன்னே நகர்ந்து, பழைய ஆழம் பொருந்தாமல் போகும். தாளின் மேலேயே சேர்மானத்தை எழுதிவிடுங்கள். எழுதாத தாள் ஒரு மாதத்தில் வெறும் ஓட்டைக் காகிதம்.

மருந்தின் வரிசை எண்ணைத் தவறவிடாதீர்கள். ஒரே பெயருள்ள மருந்து, டப்பா மாறும்போது எரியும் வேகத்தில் சிறிது மாறலாம். புதிய வரிசை எண்ணுள்ள டப்பாவைத் திறந்தால், உச்சத்துக்கு அருகே சுடுகிறவர்கள் சில படிகள் கீழே இறங்கி, வேகமானியோடு மறுபடி ஏறி வாருங்கள். பழைய வேகம் எந்த எடையில் வருகிறதோ, அதில் ஒரு 10 குண்டு குரூப் சுடுங்கள்.